பெயர் வெளிவராது

பெயர் வெளிவராது மேடம், அதுக்கு நான் பொறுப்பு என்று போனில் சொன்ன அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ, ஆனால் அவளிடம் நான் சொன்னதெல்லாம் இதோ பழைய மாணவர் சந்திப்பு நடக்கிற இந்தக் கூடத்தில், என் கண்ணெதிரே, ஒரு பென்டிரைவில் மேடையேறி உட்கார்ந்திருக்கிறது. திரையில் தலைப்பு தெரிகிறது. ‘படித்த பிறகு: நம் பொருளியல் துறை மாணவியர் எங்கே போனார்கள்?’ மேடையில் நிற்பவள் ஜெஸிந்தா வாஸ், எங்களுக்குப் பல வருஷம் இளையவள், தூத்துக்குடிக்காரி, இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாளாம். நம்ம துறையோட பழைய மாணவிகள் லிஸ்ட வச்சு, ஆள் வச்சு ஒவ்வொருத்தர்ட்டயும் போன்ல பேசி எடுத்த ஆய்வு இது, அதனால இத முதல்ல உங்க முன்னாலதான் வைக்கணும்னு நெனச்சேன், குடும்பத்தோட வந்துருக்கீங்கன்னு சார் சொன்னதால தமிழ்லயே தயார் பண்ணிருக்கேன் என்கிறாள். கைதட்டுகிறார்கள். என் வலப்பக்கம் என் கணவர் சுடலைமுத்து எல்லாரையும்விடப் பலமாகத் தட்டுகிறார். இடப்பக்கம் என் மகள் மிருதுளா, ஒன்பதாம் வகுப்பு, வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று கூடவே வந்தவள், அவளும் தட்டுகிறாள். எந்த வீட்டில் கேட்ட கதையோ அந்த வீட்டுக்கே வந்து சொல்கிற சம்பந்தக்காரியைப் பார்த்திருக்கிறேன், ஆராய்ச்சிக்காரியை இப்போதுதான் பார்க்கிறேன். மற்ற ஊரில் போய்ப் பேசினால் நாங்கள் வெறும் புள்ளிகள். இங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் மூக்கும் முழியும் இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் புருஷன் இருக்கிறார். வயசு, படிப்பு, எத்தனை குழந்தை, எந்த மாவட்டம் என்று போட்டால் போதாதா, பெயர் வேறு எதற்கு? தங்கப் பதக்கம், ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவள், ஒரே மகள் என்றால் இந்தத் துறையில் செண்பகவல்லி ஒருத்திதான். ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் ரவிக்கை முதுகில் ஒட்டுகிறது.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். இரண்டு வருஷம் முன்னால், பள்ளிக்கூடம் விடுமுறை, இவர் பேங்குக்குப் போய்விட்டார், மிருது கீழ்வீட்டுக்குக் கேரம் விளையாடப் போயிருந்தாள், நான் சாம்பாருக்குப் பருப்பு வைத்துவிட்டுப் போனைப் பார்த்தால் துறையின் செய்திமடல் வந்திருந்தது. வருஷா வருஷம் வரும். பேராசிரியர் சாமுவேல் துரைராஜ் தாமே உட்கார்ந்து தயாரிப்பார், யார் எந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார்கள், யாருக்கு டாக்டர் பட்டம், யார் வீட்டில் கல்யாணம், எல்லாம் ஒரே நடையில், மழைநிலவரம் சொல்வது போல. அதில் பூரணி இருந்தாள். என் பக்கத்து பெஞ்சு பூரணி. டெல்லியில் பேராசிரியராகிவிட்டாளாம், கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்கிற படம். படிப்பு முடிந்ததும் அந்த டெல்லி ஆராய்ச்சி இடம் முதலில் எனக்கு வந்தது, நான் போகவில்லை என்றதும் அடுத்த பெயர் என்று அவளுக்குப் போயிற்று. அவளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல பிள்ளை, என் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு கொடுத்தவள். படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த போன் வந்தது. இளங்குரல். எந்த வருஷம் முடிச்சீங்க, எங்கயாச்சும் வேலை பாத்தீங்களா, ஏன் போகல, வீட்டு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று வரிசையாகக் கேட்டாள். ஒருத்தி என்னைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கம் கெட்டவள். கடைசியாகக் கேட்டாள், படிப்பு முடிச்ச அந்த வருஷத்துக்குத் திரும்பிப் போக முடிஞ்சா என்ன மேடம் செய்வீங்க? வயித்துல இருந்த பிள்ளையக் கலைச்சிட்டு டெல்லிக்குப் போயிருப்பேன் என்றேன். யோசிக்கவே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. நன்றி மேடம் என்று வைத்துவிட்டாள். திரும்பினால் வாசல் கதவு பாதி திறந்து கிடந்தது, நான்தான் தாழ்ப்பாள் போட மறந்திருப்பேன்.

வார்த்தை போனுக்குள் போய்த் தொலைந்திருக்க வேண்டியதுதானே, போகவில்லை, அடுப்படியிலேயே நின்றுவிட்டது. அன்று மத்தியானம் மிருது வந்து சாப்பிட உட்கார்ந்தாள், இரண்டாம் முறை சோறு வைக்கிறேன், வேண்டாம்மா என்றாள், கரண்டிச் சோற்றைத் திரும்பப் பானையிலேயே போட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிய வழியில்லை, ஆனாலும் அவளைப் பார்க்கிறபோதெல்லாம் ஏதோ செய்துவிட்டு ஒளித்து வைத்திருக்கிறவளைப் போல ஆகிவிட்டேன். அடுத்த மாசம் அவளுக்கு டெங்கு வந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது, கொசு, அது எனக்குத் தெரியாதா, நான் படித்தவள்தானே. ஆனால் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, நான் சும்மா சொன்னேன், சும்மாதான் சொன்னேன், அதக் கணக்குல எடுத்துராத என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். சாமியிடம் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டவர் யாரோ அவரிடம். அந்த போன் நம்பருக்கே கூப்பிட்டும் பார்த்தேன், ஒரு பதிலை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான், அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம்தான் இது ஆரம்பித்தது. பட்டப்பகலில், கண்ணாடி முன்னால் உட்காரவைத்துத் தலைவாரிக்கொண்டிருப்பேன், ஒரு கணம் கண்ணாடியில் நான் மட்டும் இருப்பேன், சீப்பு வெறும் காற்றில் இறங்கும். பதறிப்போய்க் குனிந்தால் அவள் இருப்பாள், வலிக்குதும்மா, மெதுவா என்பாள். அவள் தலையை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். எதுக்கும்மா இப்ப, ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று விலகிக்கொள்வாள். எனக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அதுதான் புரியவில்லை. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு அந்த வாய் எப்படி அப்படிச் சொல்லிற்று, அதுவும் அவ்வளவு லேசாக.

திரையில் பட்டை பட்டையாக வரைபடம். நீலம் வேலைக்குப் போனவர்கள், ஆரஞ்சு போய் நின்றவர்கள், சாம்பல் போகவே போகாதவர்கள். புரொஜெக்டர் பழசு, சாம்பலும் நீலமும் ஒன்றுபோலத் தெரிகிறது, நல்லதுதான். ஏட்டி, நீ எந்தக் கலரு? என்று இவர் என் காதில் கேட்கிறார். கேலிதான், இவருக்கு எதையும் கேலியாக்காமல் இருப்புக் கொள்ளாது, கெட்ட மனுஷர் இல்லை. நாங்கள் ஒரே வகுப்பு. அப்போது நான் இவரை டேய் சுடலை என்றுதான் கூப்பிடுவேன், என் நோட்டை வாங்கிப் படித்துத்தான் கணக்குப் பொருளியலில் தேறினார், அதை இன்றைக்கும் மேடை போட்டுச் சொல்வார். கல்யாணமான அன்று அத்தை, எம்மா, இனி அப்படிலாம் கூப்பிடக் கூடாது என்றார்கள், அன்றிலிருந்து என்னங்க. ஒரே நாளில் நாக்கைத் திருப்பிக்கொண்டேன். சற்று முன்னால் பேராசிரியர் மைக்கைப் பிடித்துப் பழைய மாணவர் செய்திகளை வாசித்தபோது நம்முடைய சுடலைமுத்து, இப்போது முதுநிலை மேலாளர், குடும்பத்தினருடன் வந்திருக்கிறார் என்றார். அந்தக் குடும்பத்தினரில் நான் இருந்தேன். பாவம், அவருக்கு வயசாகிவிட்டது, தங்கப் பதக்கத்தை என் கழுத்தில் மாட்ட வைத்து போட்டோ எடுத்தவரே அவர்தான். டெல்லிக் கடிதம் வந்த மாசமே நாள் தள்ளிப்போயிற்று. நான் இவரிடம் கேட்டேன், என்ன செய்ய? உன் இஷ்டம் செண்பகம் என்றார். அத்தையிடம் இவர் சொல்லவில்லை, என் அம்மாவிடம் நான் சொல்லவில்லை, எங்கள் இரண்டு பேருக்குள்தான். மறுநாளும் கேட்டேன். உன் இஷ்டம்தான், நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரி. போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது போயிருப்பேன், போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். இஷ்டம் என்று என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றுகொண்டார், நான் அதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன், நிற்க நிற்க மூன்று மாசம் ஓடிப்போயிற்று. யாரும் என்னைத் தடுக்கவில்லை. இந்தப் பட்டைகளில் அதற்கு எந்த நிறம் என்று ஜெஸிந்தாவைக் கேட்கலாம். கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

வாய்ப்புச் செலவு என்று முதல் வருஷத்திலேயே நடத்துவார்கள். ஒன்றை எடுத்துக்கொள்கிறபோது கைவிட்ட இன்னொன்று எதுவோ அதுதான் எடுத்ததற்குக் கொடுத்த விலை. பேராசிரியர் மாம்பழத்தையும் சினிமா டிக்கெட்டையும் வைத்து நடத்தினார், நான் எழுந்து, சார், ரெண்டையும் கைவிட்டவனுக்கு என்ன செலவு என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தேன். வாயாடி. கைவிட்டது கைவிட்ட இடத்திலேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தப் பாடத்தில் முழு மார்க் வாங்கினேன். அது கிடப்பதில்லை, அதற்கும் வயசாகிறது, கண்ணாடி போட்டுக்கொள்கிறது, நரை விழுகிறது. டெல்லியில் ஒரு சின்ன வீட்டில் ஜன்னலோரம் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், குளிருக்குச் சால்வை, மேஜை நிறையத் தாள், சமைக்கச் சோம்பல்பட்டு ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்கிறாள். அவளுக்கு மிருதுவைத் தெரியாது. மிருது என்று ஒருத்தி இருந்திருக்கலாம் என்பதே தெரியாது, அவள் அதற்காக அழவும் இல்லை, நிம்மதியாக இருக்கிறாள். பொறாமைகூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த நிம்மதிதான் என்னைக் குலைக்கிறது. போனில் அன்று பேசியது அவள்தான் என்று சில நாள் தேற்றிக்கொள்வேன், என் வாயை இரவல் வாங்கிப் பேசிவிட்டாள் என்று. இப்போது பார்த்தால் அவளே மேடைக்கு வந்துவிட்டாள். ஜெஸிந்தா அடுத்த பக்கத்தைத் தட்டுகிறாள். ‘அவர்கள் சொற்களில்’ என்று வருகிறது.

எண்கள் முடிந்தன, இனிமேல் வாய்மொழி. கடேசிக் கேள்விக்கு மனசத் திறந்து பதில் சொன்னாங்க, சிலத அப்படியே குடுத்துருக்கேன் என்கிறாள் ஜெஸிந்தா. முதல் ஆள் வந்தாயிற்று. ‘மாமியார் படுத்த படுக்கை. நான் கல்லூரி வேலையை விட்டேன். அவர் போன பிறகு வேலை என்னை விட்டுவிட்டது.’ கீழே சின்ன எழுத்தில் வயது, படிப்பு, பிள்ளைகள், மாவட்டம். நான் நினைத்த மாதிரியே. பின்வரிசையிலிருந்து ஒரு ஆண்குரல், ஏ, இது நம்ம வள்ளிமயில்லா? என்கிறது. சிரிப்பு. வள்ளிமயில் என்பவள் எழுந்து, எய்யா, எங்க மாமியார் இப்பமும் என்னைய வெரட்டிக்கிட்டுத்தான் இருக்காவ, நான் இல்லப்பா என்கிறாள், இன்னும் பெரிய சிரிப்பு. விளையாட்டாகிவிட்டது. அடுத்ததற்கும் ஊகிக்கிறார்கள், பெயரை ஏலம் விடுவது போலக் கூப்பிடுகிறார்கள், இவரும் சேர்ந்துகொண்டு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். ஜெஸிந்தாவின் முகம் சுருங்குகிறது, இது இப்படிப் போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போல, ப்ளீஸ், யாருன்னு தேடாதீங்க என்கிறாள், யார் கேட்கிறார்கள்? எழுந்துவிட வேண்டும். நான் மட்டும் போனால் இவர்கள் இரண்டு பேரும் இங்கேயே இருந்து படிப்பார்கள், போய் என்ன பிரயோசனம், பிள்ளையையாவது வெளியே கொண்டுபோய்விட வேண்டும். மிருது, பாத்ரூம் போகணும்லா, வா என்கிறேன். எனக்கு வரலம்மா. சாப்பாடு போடப் போறாங்க, முன்னாடியே போய் இடம் பிடிப்போம், வா. இரும்மா, நான் இதப் பாக்கணும் என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் கையைப் பிடித்து இழுத்தேன், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள், இவ்வளவு பலம் இவளுக்கு எப்போது வந்தது? இவர் திரும்பி, விடு செண்பகம், பிள்ளை இன்னிக்காச்சும் நம்ம சப்ஜெக்டப் பாக்கட்டும் என்கிறார். உட்கார்ந்தேன்.

கடைசிப் பக்கம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, இரண்டே வரி, கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் தெரிகிற பருமனில். ‘வயிற்றில் இருந்த பிள்ளையைக் கலைத்துவிட்டு நான் போயிருப்பேன்.’ டெல்லியை எடுத்துவிட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் என்னுடையதுதான், என் அடுப்படியில் நின்றிருந்தது, இங்கே அவ்வளவு பெரிசாக. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படிக்கப் பயந்து படிக்காமல் இருக்கவும் பயந்து படித்தேன். வயது நாற்பத்தாறு. எனக்கு அத்தனை ஆகவில்லை. மதுரை மாவட்டம். இரண்டு ஆண் குழந்தைகள். திரும்பப் படித்தேன். மதுரை மாவட்டம், இரண்டு ஆண் குழந்தைகள். இந்த மாதிரி மனசு நொந்து சொன்னவங்களோட விவரங்கள… என்று ஜெஸிந்தா ஏதோ ஆரம்பித்தாள், மைக் கரகரத்து நின்றுபோயிற்று, யாரோ வயரை ஆட்டப் போனார்கள். மாற்றியிருக்கிறாள். புண்ணியவதி, அந்த போன்காரப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள், மாற்றியிருக்கிறாள். இவர் தலையை ஆட்டிக்கொள்கிறார். மதுரையிலருந்து நம்ம செட்டுல யாரு? யாரும் இல்லையே என்று முணுமுணுக்கிறார், பிறகு குரல் இறங்கி, எப்படி இருந்தா இப்படிச் சொல்லிருப்பா, பாவம், என்கிறார். அவர் பாவம் என்றதும் எனக்கு அழுகை முட்டியது, என்னைத்தான் பாவம் என்கிறார், தெரியாமல் சொன்னாலும் என்னைத்தான். மூச்சு வந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. இனி அது மதுரைக்காரியுடையது. அவள் எடுத்துக்கொண்டு போகட்டும், இரண்டு ஆண்பிள்ளைக்காரி, பெலசாலி, அவள் தாங்குவாள். மிருதுவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரியாணி சாப்பிட வேண்டும், அவளுக்கு முட்டை பிடிக்கும், என்னுடையதையும் அவள் இலையில் வைப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மிருது என் பக்கம் சாய்ந்தாள். திரையைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ரெண்டு பையன்னு தப்பாப் போட்டுருக்காங்கம்மா என்றாள். கணக்கில் ஒரு தப்பைக் காட்டுகிற குரல், வேறொன்றும் அதில் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும் முன்னால் இருந்த வெள்ளை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்னட்டி, என்ன சொல்லுதா? என்று இவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். மிருது அப்பாவை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஒண்ணுமில்லப்பா, பசிக்குதுன்னேன் என்றாள். முகம் மாறவில்லை, குரல் மாறவில்லை, பொய் என்று நானே நம்பியிருக்க மாட்டேன், எத்தனை நாள் பழகியிருந்தால் இப்படி வரும்.